டீசல் ஃபில்டர் மாற்றிய கதை – கொஞ்சம் வரலாற்றோடு

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் அபார்ட்மெண்ட் பார்க்கிங்கில் பழைய இந்திப் பேப்பரை விரித்து, அதன் மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்து, காருக்கு டீசல் ஃபில்டர் மாற்றினேன். வாட்ச்மேனுக்கு ஒரே சிரிப்பு. "பேங்க் வாலே சாப் மிஸ்திரி ஆகிவிட்டார்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். பால்கனியிலிருந்து தங்கமணி, "ஏங்க, கழட்டினதையெல்லாம் திருப்பி மாட்டத் தெரியுமா?" என்று கேட்டார். பி.காம். படித்தவன் ஸ்பேனரைத் தொட்டால் வீட்டில் இவ்வளவுதான் மரியாதை :-)

எதற்கு இந்த வேண்டாத வேலை என்றால், அதற்கு இரண்டு வாரம் பின்னால் போக வேண்டும்.

லக்னோவுக்கு மாற்றலாகி வந்து நாலு வருஷம் ஆகிறது. கிளை ஆய்வுக்காக லக்கிம்பூர் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தேன். சீதாப்பூர் வழியாக சுமார் 130 கிலோமீட்டர். வழியில் ஒரு பங்கில் டீசல் போட்டேன். இருபது கிலோமீட்டர் தாண்டியதும் வண்டி இழுத்து இழுத்துப் போக ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் வேகம் எடுக்கவில்லை. டாஷ்போர்டில் அதுவரை நான் பார்த்தே இராத ஒரு விளக்கு மினுக்கியது. இரண்டு பக்கமும் கரும்புக் காடு, மணி மாலை ஆறு.

நல்லவேளையாக ஒரு மிஸ்திரி கிடைத்தார். பானட்டைத் திறந்து, ஃபில்டரின் அடியில் இருந்த திருகைத் தளர்த்தி, காலி வாட்டர் பாட்டிலில் கொஞ்சம் பிடித்துக் காட்டினார். மேலே டீசல். அடியில் ஒரு விரல் உயரத்துக்குத் தெளிவாகத் தண்ணீர். "பானி ஹை சாப்" என்றார். வடித்துவிட்டு ஸ்டார்ட் செய்தால் ஒருவழியாக ஓடியது. "வீட்டுக்குப் போனதும் ஃபில்டரை மாற்றிவிடுங்கள்" என்று சொல்லி ஐம்பது ரூபாய்தான் வாங்கினார்.

எந்தப் பங்க் என்று எழுதப்போவதில்லை. அங்கேதான் தண்ணீர் வந்தது என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. ஊரில் உள்ளவர்களிடமெல்லாம் வவுச்சர் எங்கே என்று கேட்கிற நான் அன்றைக்கு பில்கூட வாங்கவில்லை.

முதலில் செய்முறையைச் சொல்லிவிடுகிறேன். வரலாறு வேண்டாதவர்கள் அதோடு கழன்று கொள்ளலாம்.

இஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டு, பேட்டரியின் நெகட்டிவ் ஒயரைக் கழற்றி வைத்தேன். பக்கத்தில் யாரும் பீடி சிகரெட்டோடு வரக்கூடாது. என் வண்டியில் ஃபில்டர் என்பது பானட்டுக்குள் ஒரு சின்ன டப்பா. மேலே இரண்டு ரப்பர் குழாய்கள், அடியில் தண்ணீர் சேர்ந்தால் சொல்கிற சென்சார் ஒயர். எந்தக் குழாய் உள்ளே வருவது, எது வெளியே போவது என்று முதலிலேயே மொபைலில் படம் எடுத்து வையுங்கள். மாற்றி மாட்டினால் வம்பு.

சுற்றிலும் பழைய துணியை அடைத்துவிட்டு, அடித்திருகைத் தளர்த்தி உள்ளே இருப்பதை ஒரு டப்பாவில் வடியுங்கள். டீசல் பெல்ட் மேலோ ரப்பர் பாகங்கள் மேலோ சிந்தக்கூடாது. குழாய்களைக் கழற்றிப் பழையதை எடுத்துவிட்டு, சென்சாரைப் புதியதுக்கு மாற்றுங்கள். அதன் ரப்பர் வளையம் புதிதாக இருக்கட்டும். கேனிலிருந்து டீசலை ஊற்றிப் புது ஃபில்டரை நிரப்பலாமே என்று தோன்றும். வேண்டாம். வடிகட்டாத டீசல் சுத்தமான பக்கத்துக்குள் போய்விடும். குழாயோடு இருக்கிற ரப்பர் பல்பைக் கெட்டியாகும் வரை அமுக்கினால் காற்று வெளியேறி டீசல் தானே ஏறும். பேட்டரி ஒயரை மாட்டி, இரண்டு மூன்று முறை சாவியைத் திருகிச் சில விநாடி வைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். ஐந்து நிமிஷம் ஓடவிட்டு, எங்காவது கசிகிறதா என்று பாருங்கள். எல்லா வண்டியிலும் அமைப்பு ஒரே மாதிரி இருக்காது. உங்கள் வண்டியின் கையேட்டைப் படித்துவிட்டுக் கை வையுங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ஃபில்டருக்கு அந்தப்பக்கம் பம்பிலிருந்து இஞ்சினுக்குப் போகும் இரும்புக் குழாய்களை இஞ்சின் ஓடும்போது தொடவே தொடாதீர்கள். கார் டயரில் காற்றழுத்தம் இரண்டு பாருக்குக் கொஞ்சம் மேல். இந்தக் குழாயில் 1600 பார் வரை போகும். ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து பீய்ச்சினாலும் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வடித்த பழைய டீசலைச் சாக்கடையில் ஊற்றாமல் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அரை மணி நேர வேலை. எனக்கு ஒன்றரை மணி ஆனது.

பழைய ஃபில்டரைப் பையன் தூக்கிப் பார்த்தான். அவன் பத்தாவது படிக்கிறான். வெட்டிப் பார்க்கலாம்ப்பா என்றான். ஆக்சா பிளேடால் அறுத்துத் திறந்தோம். உள்ளே விசிறி மாதிரி மடித்து மடித்து வைத்த காகிதம். புதிதில் வெளிர் நிறமாக இருப்பது கரேலென்று தார் பூசியது போல் இருந்தது. அடியில் துருப்பொடி.

"இதெல்லாம் இல்லன்னா என்னப்பா ஆகும்? முதல் டீசல் வண்டியிலயே இது இருந்துச்சா?"

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடப் போய்த்தான் இவ்வளவும் எழுத வேண்டியதாயிற்று.

ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1892-ல் தன் இஞ்சினுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1897 பிப்ரவரியில் ஆக்ஸ்பர்க் நகரத் தொழிற்சாலையில் அதைச் சோதித்தபோது, எரிபொருளின் சக்தியில் சுமார் 26 சதவீதம் வேலையாக மாறியது. அந்தக் காலத்து நீராவி இஞ்சின்கள் பத்து சதவீதத்தை ஒட்டித் திணறிக்கொண்டிருந்தன. உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் அந்த இஞ்சினைக் காரில் வைக்க முடியாது. காரணம், அதில் எண்ணெயை உள்ளே தள்ளியது அழுத்திய காற்று. அந்தக் காற்றை அடைக்கத் தனியாக ஒரு கம்பிரஸர் வேண்டும். கப்பலுக்கும் ஃபாக்டரிக்கும் சரி, காருக்கு எங்கே இடம்? டீசல் 1913 செப்டம்பரில் கப்பல் பயணத்தில் காணாமல் போய்ச் செத்தும் போனார். தன் பெயரில் ஒரு கார் ஓடுவதை அவர் பார்க்கவில்லை.

அதை மாற்றியது ராபர்ட் பாஷ் கம்பெனி. காற்றே வேண்டாம், எண்ணெயை மட்டும் அழுத்தித் துல்லியமாகப் பீய்ச்சும் பம்பைச் செய்வோம் என்று 1922-ல் இறங்கி, 1927-ல் தொழிற்சாலை உற்பத்தியைத் தொடங்கினார்கள். 1936-ல் பெர்லின் கண்காட்சியில் மெர்சிடிஸ் 260 டி வந்தது. வரிசையாகத் தயாரித்து விற்ற டீசல் கார்களில் முன்னோடி அதுதான்.

இங்கேதான் நம் ஃபில்டர் கதைக்குள் வருகிறது. அந்தப் பம்புக்குள் ஒரு சின்ன உலோகத் தண்டு, அதைவிட மயிரிழை பெரிய துளைக்குள் மேலும் கீழும் போய்வரும். மயிரிழை என்பதுகூடத் தப்பு. தலைமுடி சுமார் 70 மைக்ரான் தடிமன். இங்கே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளியில் எண்ணெய் கசியாமல் நிற்க அதற்கு வேறு சீல் கிடையாது. அதோடு, அந்தத் தண்டுக்கு மசகெண்ணெயும் அந்த டீசலேதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு மணல் துகள் போனாலும் கீறல் விழும். தண்ணீர் போனால் துருப்பிடிக்கும். பம்பைக் கண்டுபிடித்த அன்றே அதைக் காப்பாற்ற ஒரு காவல்காரனும் தேவைப்பட்டான். முதலில் துணி, கம்பளி, பிறகு மடித்த காகிதம்.

இந்தியாவுக்கு இந்தப் பம்ப் வந்த வழி நமக்குப் பக்கம்தான். 1951-ல் பெங்களூரில் பாஷின் தொடர்போடு மைகோ கம்பெனி தொடங்கப்பட்டது. ஓசூர் ரோடு பக்கம் சொந்தக்காரர்கள் உள்ளவர்களுக்கு ஆடுகோடி மைகோ தெரியாமல் இருக்காது. லாரிக்கும் பஸ்ஸுக்கும் டிராக்டருக்கும்தான் டீசல் என்றிருந்த நாட்டில், 1980-ஐ ஒட்டி அம்பாசடர் டீசல் வந்தது. 1998 கடைசியில் டாடா இண்டிகா வந்தது. நடுத்தரக் குடும்பம் டீசல் காரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தது அப்போதுதான். 2000-களில் காமன் ரெயில் தொழில்நுட்பம் வந்து அழுத்தம் பல மடங்கு ஏறியது. அதனால் காகிதத்தின் கண்ணும் இன்னும் பொடியாக வேண்டியதாயிற்று.

நான் வாங்கியது 2012-ல். அந்த வருஷம் மே மாதம் டெல்லியில் பெட்ரோல் 73 ரூபாய், டீசல் 41 ரூபாய். டீசலுக்கு அரசாங்கம் மானியம் கொடுத்துக்கொண்டிருந்தது. நானும் கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் வாங்கினேன். 2013 ஜனவரியிலிருந்து மாதம் ஐம்பது பைசா ஏற்றி, 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டார்கள். என் கணக்கு காலி. அது தனிச் சோகம்.

இதையெல்லாம் சொல்லி முடித்ததும் பையன் அடுத்த கேள்வியைப் போட்டான். "அப்ப ஃபில்டர் இருந்தா டீசல்ல எது கலந்தாலும் பிடிச்சிடுமா?"

இல்லை. இந்தக் காகிதம் டீசலிலிருந்து தனியாக நிற்பதை மட்டும்தான் பிடிக்கும். மணல், துரு, துளித்துளியாக நிற்கும் தண்ணீர். டீசலோடு கரைந்து ஒன்றாகிவிட்டதைப் பிடிக்காது.

உதாரணத்துக்குக் கந்தகம். 2000-ஆம் வருஷம் நம் டீசலில் பத்து லட்சத்தில் 2500 பங்கு வரை கந்தகம் இருக்கலாம் என்று விதி. 2020 ஏப்ரலில் பாரத் ஸ்டேஜ் 6 வந்தபோது அது பத்து. இதை எந்த வண்டி ஃபில்டரும் செய்யவில்லை. சுத்திகரிப்பு ஆலைகளில் பணம் போட்டுச் செய்தார்கள்.

அடுத்தது மண்ணெண்ணெய். எங்கள் ஊரில் ஆச்சி கிருஷ்ணாயில் என்பார். ரேஷன் கடையில் கேனை வரிசையில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஓடியது இந்தத் தலைமுறைக்குச் சொன்னால் புரியாது. கரண்ட் போனால் அரிக்கேன், அடுப்புக்கு ஸ்டவ். ஏழை வீட்டு விளக்கு எரிய வேண்டும் என்றுதான் அதற்கு மானியம். அதைத் தப்பென்று சொல்ல எனக்கு வாய் வராது. அந்த வெளிச்சத்தில் படித்தவன் நான்.

ஆனால் வணிகவியல் படித்தவன் கண்ணில் இன்னொன்றும் படும். 2005-ல் ரேஷன் மண்ணெண்ணெய் லிட்டர் சுமார் 9 ரூபாய். டீசல் சுமார் 30 ரூபாய். இரண்டும் ஒன்றோடொன்று நன்றாகக் கலக்கும். ஒரு லிட்டரில் இருபது ரூபாய்க்கு மேல் இடைவெளி. ஒரு டேங்கர் லாரியில் 12,000 லிட்டர் என்று வைத்துப் பெருக்கிப் பாருங்கள். இந்த லாபத்தை எங்களிடம் எந்த வியாபாரியும் புராஜெக்ட் ரிப்போர்ட்டில் காட்டியதில்லை.

கண்டுபிடிக்க ரேஷன் மண்ணெண்ணெயில் நீலச் சாயம் போட்டார்கள். களிமண் வைத்து வடிகட்டிச் சாயத்தை எடுத்துவிட்டார்கள். கலப்படக்காரர்களும் ஃபில்டர் வைத்திருந்தார்கள் பாருங்கள்! 2006-ல் வேறொரு வேதிப்பொருளை அடையாளமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். அதுவும் சில வருஷங்களில் கைவிடப்பட்டது. வண்டிக்கு என்ன ஆகும் என்றால், மண்ணெண்ணெய்க்கு டீசலின் வழவழப்பு கிடையாது. அந்த இரண்டு மைக்ரான் இடைவெளியில் தண்டு உராய்ந்து தேயும். ஃபில்டர் புத்தம் புதிதாக இருந்தாலும் தேயும்.

அப்படியானால் இதைப் பிடிக்க வேண்டியது யார்? ஒரு மனிதன்தான். பங்குக்கு நேரில் போய், மாதிரி எடுத்து, சோதித்து, பூட்டுப் போடுகிற ஒரு ஆள்.

லக்னோவிலிருந்து சீதாப்பூர் ரோட்டில் போனால் இடப்பக்கம் ஐஐஎம் ரோடு பிரியும். அந்த ஐஐஎம்மில் 2003-ல் படித்து முடித்தவர் மஞ்சுநாத் சண்முகம். வளர்ந்தது கோலார் தங்கவயலில். தங்கவயலைத் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? நம் ஊர்களிலிருந்து சுரங்க வேலைக்குத் தலைமுறை தலைமுறையாகப் போன இடம். மஞ்சுநாத் மைசூரில் இஞ்சினியரிங் படித்து, இங்கே எம்.பி.ஏ. முடித்து, இந்தியன் ஆயிலில் விற்பனை அதிகாரியாகச் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த பகுதி லக்கிம்பூர் கேரி. நான் ஆய்வுக்குப் போன அதே மாவட்டம்.

கலப்படத்துக்காக அங்கே ஒரு பங்கை அவர் மூடி சீல் வைத்தார். அது மறுபடி வியாபாரத்தைத் தொடங்கியதும் திரும்பச் சோதிக்கப் போனார். 2005 நவம்பர் 19 அன்று கோலா கோகரண்நாத் ஊரில் சுட்டுக் கொன்றார்கள். உடல் அவருடைய காரிலேயே கிடந்தது. வயது 27.

2007-ல் செஷன்ஸ் கோர்ட் முதல் குற்றவாளிக்கு மரண தண்டனையும் மற்ற ஏழு பேருக்கு ஆயுள் தண்டனையும் கொடுத்தது. 2009-ல் உயர் நீதிமன்றம் மரண தண்டனையை ஆயுளாகக் குறைத்து, இரண்டு பேரை விடுவித்தது. 2015-ல் உச்ச நீதிமன்றம் ஆயுள் தண்டனையை உறுதி செய்தது. இதற்கு நடுவே 2011 ஜனவரி 25 அன்று, மகாராஷ்டிரத்தில் மன்மாட் அருகே, எண்ணெய்த் திருட்டைப் பார்த்துக் காரை நிறுத்தி இறங்கிய கூடுதல் கலெக்டர் யஷ்வந்த் சோனாவானேயை எரித்தே கொன்றார்கள்.

மஞ்சுநாத்துக்கும் எனக்கும் வயது வித்தியாசம் ஒரு வருஷம். 2005-ல் நானும் புரொபேஷனரி ஆபீசராக இருந்தேன். சந்தேகமான ஒரு ஃபைலில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்ல, மேலதிகாரி முகத்தைப் பார்த்தே எனக்கு வேர்க்கும். அவர் தனியாளாக, ஊர் பேர் தெரியாத இடத்தில், துப்பாக்கி வைத்திருப்பவர்கள் முன்னால் நின்று பூட்டுப் போட்டிருக்கிறார். வெளியூரில் வேலை பார்க்கிற நமக்கு அது என்ன மாதிரி இடம் என்று தெரியும். பிரச்சினை வந்தால் ஓடி வர மாமா சித்தப்பா யாரும் கிடையாது.

அப்புறம் என்ன நடந்தது? 2016-லிருந்து ரேஷன் மண்ணெண்ணெய் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். வீடுகளுக்குக் கரண்டும் கேஸும் போகப் போக ஒதுக்கீட்டைக் குறைத்தார்கள். 2021-22 பட்ஜெட்டில் மண்ணெண்ணெய் மானியத்துக்கு ஒதுக்கீடே இல்லை. ஒன்பது ரூபாய்க்கும் முப்பது ரூபாய்க்கும் நடுவில் இருந்த அந்தப் பள்ளம் மூடிக்கொண்டது. கலப்படம் அடியோடு ஒழிந்தது என்று சொல்லவில்லை. அதன் பெரிய லாபக் கணக்கு போய்விட்டது.

எனக்கு உறுத்துவது இதுதான். விலையில் இருந்த ஓட்டையைக் காகிதத்தில் சரிசெய்ய டெல்லிக்குப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆனது. ஓட்டை திறந்திருந்த வரை அதை அடைக்கச் சொல்லி நாம் அனுப்பியது ஒற்றை ஆளாக ஒரு விற்பனை அதிகாரியை. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் சொல்வதற்குக்கூட டாஷ்போர்டில் ஒரு விளக்கு வைத்திருக்கிறார்கள். அவருக்கு அதுவும் இல்லை. எங்கள் பேங்க் ஆய்விலும் ஓட்டையைச் சரிசெய்யாமல், அதைப் பார்த்துச் சொன்னவனை மாற்றல் பண்ணி அனுப்பிய கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். அதனால் மஞ்சுநாத் வீரன், தியாகி என்று மாலை போட்டு முடித்துக்கொள்ள மனசு வரவில்லை. அவர் செய்தது தன் வேலையை.

நாம் செய்யக்கூடியது சின்னது, ஆனால் உண்டு. பங்கில் பில் வாங்குங்கள். அடர்த்தி என்ன என்று கேளுங்கள். டீசல் சுமார் 830, மண்ணெண்ணெய் 800-ஐ ஒட்டி இருக்கும். கலந்தால் எண் இறங்கும். அன்றைக்குப் பதிவான அளவுக்கும் சோதித்துப் பார்க்கும் அளவுக்கும் மூன்றுக்கு மேல் வித்தியாசம் வரக்கூடாது. கேட்டால் ஹைட்ரோமீட்டர் வைத்துக் காட்ட வேண்டியது அவர்கள் கடமை.

நேற்றுச் சாயங்காலம் டீசல் போடப் போனபோது பையன்தான் முந்திக்கொண்டு, அரைகுறை இந்தியில் அடர்த்தி கேட்டான். பங்க் பையன் ஒரு மாதிரி பார்த்தான். பின்னால் நின்ற வண்டி ஹாரன் அடித்தது. மேனேஜர் வந்து என்ன விஷயம் என்று விசாரித்துவிட்டு, கண்ணாடி ஜாடியும் ஹைட்ரோமீட்டரும் எடுத்து வரச் சொன்னார். பத்து நிமிஷம் ஆனது. எண் சரியாகத்தான் இருந்தது.

பில்லும் வாங்கிக்கொண்டேன்.

டிஸ்கி: தங்கமணி கவனத்துக்கு – கழற்றியதெல்லாம் திருப்பி மாட்டியாச்சு. ஒரே ஒரு நட்டு மட்டும் மிச்சம் இருக்கிறது. அது எங்கிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருக்கிறேன் :-)